சமர்கந்த்: மேட்டையும் ஆற்றையும் விட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்த் நகரம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ரெகிஸ்தான் சதுக்கத்தின் நீல ஓடுகளைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் கதையை 1370இல், மத்திய ஆசியப் பேரரசன் தைமூர் அந்த ஊரைத் தலைநகராக்கியதிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அதற்கு முந்தைய இரண்டாயிரம் வருடத்துக்குக் கிடைத்தது ஒரே வரி: 'பட்டுப்பாதையில் இருந்த பாலைவன ஊர்.' முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சமர்கந்த் பாலைவன ஊர் இல்லை, ஆற்றுப் பாசன ஊர். கிழக்கே தஜிகிஸ்தான் மலைகளில் பனி உருகிப் பிறக்கிறது ஜராஃப்ஷான் ஆறு. பாரசீகத்தில் அந்தப் பெயருக்குப் 'பொன் தூவுவது' என்று பொருள். ஆமு தர்யா என்ற பேராற்றை நோக்கித்தான் ஓடுகிறது, ஆனால் போய்ச் சேர்வதில்லை. வழியெல்லாம் வயலுக்கும் தோட்டத்துக்கும் கொடுத்துவிட்டு, புகாராவைத் தாண்டி மணலில் மறைந்துவிடுகிறது. இந்த ஆற்றிலிருந்து வெட்டிய தார்கோம் வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. ஆளுக்குச் சோறும் ஒட்டகத்துக்குத் தீவனமும் கிடைத்த இடம் என்பதால்தான் வணிகச் சாத்துகள் அங்கே தங்கின.

கிரேக்கர்கள் மரகண்டா என்று சொன்ன, கி.மு. 329இல் அலெக்சாண்டர் பிடித்த பழைய நகரம் இன்றைய ஊரின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அஃப்ராசியாப் என்று பெயர். சுமார் 220 ஹெக்டேர் மண்மேடு. நான் போயிருந்தபோது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காலடியில் கிடந்த ஒரு பானை ஓட்டை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் பச்சை மெருகு கொஞ்சமும் மங்காமல் இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மேட்டின் விளிம்பில் நின்றால் சியாப் ஓடை வெகு கீழே தெரிகிறது. சரி, இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது? தெற்கிலிருந்து, ஈயத் தகடு பதித்த கால்வாய் வழியாக. 10ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். கோடையிலும் குளிரிலும் அந்தக் கால்வாயைக் காத்துப் பராமரித்தவர்கள் ஜொராஸ்திரியர்கள், அதாவது பழைய பாரசீக மதத்தினர். அந்த வேலைக்காக அவர்களுக்குத் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி) கிடையாது.

1220இல் செங்கிஸ்கான் படை வந்தது. கால்வாய் அழிந்ததும் மேடு வறண்டது. மறு வருடம் அங்கே வந்த சீனத் துறவி சியு சூஜி, ஊரில் கால் பங்கு மக்கள்தான் மிச்சம் என்று கண்டார். அவர்கள் தெற்கே தண்ணீர் எட்டும் இடத்துக்கு நகர்ந்தார்கள். தைமூர் தலைநகராக்கியது அப்படி இடம் மாறிய ஊரைத்தான்.

அப்புறம், சொக்தியர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சீனாவரை போய்க் கடை விரித்த சமர்கந்துக்காரர்கள் அவர்கள். 1907இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் அருகே இடிந்த காவல் கோபுரம் ஒன்றில் அவர்களுடைய கடிதங்களைக் கண்டெடுத்தார். ஒன்று பட்டுத்துணியில் சுற்றி, மேலே சமர்கந்த் முகவரி எழுதப்பட்டது. ஏறக்குறைய கி.பி. 313இல் எழுதியது. சீனத் தலைநகர் லோயாங் எரிந்ததைச் சொல்லிவிட்டு, ஊரில் தான் விட்டுவந்த பணத்தை ஓர் அநாதைப் பையனுக்காகப் பெருக்கிவைக்கச் சொல்கிறார் அந்த வியாபாரி. வளர்ந்தால் அவனுக்கு இந்தப் பணத்தை விட்டால் வேறு கதியில்லையாம். அந்தக் கடிதம் சமர்கந்துக்குப் போய்ச் சேரவேயில்லை. இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் நினைப்புதான்.

தொடர்கட்டுரைக்கு இடமில்லை என்றாலும், அடுத்த இதழில் சிறிய வரைபடம் ஒன்றாவது போடுங்கள். அதில் ஜராஃப்ஷானும் தார்கோமும் இருக்கட்டும், வடகிழக்கே அந்த மேடும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கரூர்