பனியில்லாத பனிமலைக்கு ஒரு கோடைப் பயணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லெசோத்தோ நாட்டின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மலையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் அனைவரும் விரும்பிப் படித்தோம். ஆனால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டுமே அங்கே போகலாம், மற்ற மாதங்களில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் மாமியார், நாத்தனார் குடும்பம், பிள்ளைகள் என்று பதினொரு பேர் வாடகை வேன் ஒன்றில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து அம்மலைக்குப் போய் வந்தோம். இங்கே டிசம்பர்தான் கோடை; அந்தக் கோடையில் போவதே நம் குடும்பங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் வண்டியையும் ஓட்டுநரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் போகக் கூடாது என்பதையும் அந்தப் பயணத்தில்தான் அறிந்தேன்.

டிசம்பர் மாதத்தில் டர்பன் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. நாங்கள் விடியற்காலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டு, லாரிகளின் கூட்டம் சேர்வதற்கு முன்பே வான் ரீனன் கணவாயைக் கடந்து, ஹாரிஸ்மித், கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க் வழியாகக் கலிடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடியை அடைந்தோம். அங்கிருந்து பூத்தா-பூத்தே ஊரைத் தாண்டினால் மோத்தெங் கணவாய் தொடங்குகிறது. நம் நாட்டுக்குள்ளேயே, கிழக்குக் கேப் மாகாணத்தில், டிஃபின்டெல் என்ற பனிச்சறுக்கு இடம் உண்டு என்றாலும், அதற்குச் செல்லும் மலைப்பாதை கரடுமுரடான மண்சாலை. ஆஃப்ரிஸ்கிக்கோ கடைசிவரை தார்ச் சாலை இருக்கிறது. அதனாலேயே இதைத் தேர்ந்தோம்.

கடல் மட்டத்தில் வாழும் நாம் ஒரே பகலில் 3,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம் என்பதை வழி நெடுகப் பல சிறு அடையாளங்கள் காட்டின. பிள்ளைகள் கொண்டுவந்த சிப்ஸ் பொட்டலங்கள், மேலே காற்றழுத்தம் குறைந்ததால், பலூன் போல உப்பி நின்றன. காற்று மெலிந்ததால் எஞ்சினின் திறன் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிட, சமதளத்தில் சீறிப் பாய்ந்த வேன் மஹ்லசேலா கணவாயின் ஏற்றத்தில் மூச்சு வாங்கியபடி நகர்ந்தது. மாமியார் கேஸ் அடுப்பில் ஏற்றிய பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவே இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் கொண்டு போயிருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் வெண்பனி மூடும் சரிவு முழுவதும் பசும்புல். சறுக்குபவர்களை மேலே இழுக்கும் கம்பிகள் அசையாமல் நிற்க, அவற்றின் அடியில் பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி ஏறினார்கள். மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களும் நடைப்பயணிகளும் தவிர வேறு கூட்டமில்லை. ஓடைக்கரையில் தீக்கொழுந்து போன்ற பூக்கள் நிமிர்ந்து நிற்பதை என் மாமியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து நான்கு வயதில் அவர் டர்பனின் டிசம்பர் வெக்கையை விட்டு விலகியது அதுவே முதல் முறை. கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இங்கேயே இருந்துடலாம் போல இருக்கும்மா" என்றார்.

இனி, நான் இக்கடிதத்தை எழுதக் காரணமான செய்தி. மறுநாள் திரும்பும்போது எங்கள் ஓட்டுநர் மோத்தெங் கணவாயின் இறக்கம் முழுவதும் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தார். பாதி இறக்கத்தில் ரப்பர் கருகுவது போன்ற நாற்றம் வந்தது. முன் சக்கரத்திலிருந்து புகை எழுந்தது. பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போகிறது என்று அவரே பதறிச் சொன்னார். ஓரமாகச் சற்று அகன்ற இடத்தில் எப்படியோ வண்டியை நிறுத்தினார். போர்வை போர்த்திய, லெசோத்தோவின் பசோத்தோ இனத்து இடையர் ஒருவர் ஓடிவந்து, நாங்கள் கேட்காமலேயே சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கற்களை வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரேக் ஆறக் காத்திருந்து, பிறகு முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறி, அதன் எண்ணெயே கொதித்துப் பிடிப்பு அற்றுப்போகும் என்பதை மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய எவரும் அறிவர். வேனை அனுப்பியவர்களிடம் முறையிட்டபோது, வண்டியைச் சரிபார்த்தே அனுப்பினோம் என்றார்களே தவிர, அந்த ஓட்டுநர் இதற்கு முன் மலை ஏறியவரா என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே வாடகை வேனில் செல்ல எண்ணும் குடும்பங்கள் ஓட்டுநரின் மலை அனுபவத்தையும், பிரேக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டுகிறேன். கோடையில் பிற்பகலில் இடியும் ஆலங்கட்டி மழையும் வரும் என்பதால் நண்பகலுக்குள் மேலே சேர்ந்துவிடுவது நல்லது. எல்லைச் சாவடி இரவில் மூடப்படும். அனைவருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் பிறப்புச் சான்றிதழும் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அந்த உயரத்துக்குப் போக வேண்டாம்.

வரும் விடுமுறைக்கு முந்தைய இதழில், ஆஃப்ரிஸ்கியின் கோடைக்காலத்தைப் பற்றியும் மோத்தெங் இறக்கத்தைப் பற்றியும் அரைப் பக்கமாவது தாங்கள் ஒதுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்