க்ரீன் கார்டு தொலைந்தால் சி.எஸ்.ஆரில் என்ன எழுத வேண்டும்? – சேலம் காவல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாநகரக் காவல் ஆணையர், சேலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சேலம் ஜங்ஷன் ரயில்வே காவல் ஆய்வாளர், எல்லா நிலையங்களிலும் புகார் எழுதும் ரைட்டர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

ஆடி பிறந்ததும் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் நிறைந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்போது பள்ளி விடுமுறை. அங்கே குடியேறிய நம் ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு வந்து கடைவீதி, ஏற்காடு என்று சுற்றுகிறார்கள். கைப்பை தொலைவதும் பறிபோவதும் இந்தக் கூட்டத்தில்தான். பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி தரும் அட்டை, அதாவது அமெரிக்க க்ரீன் கார்டோ கனடா பி.ஆர். கார்டோ போனால், திரும்பும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உரிய ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் கவுன்டரில் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை.

அட்டையைப் பறிகொடுத்தவர் முதலில் வந்து நிற்பது உங்கள் நிலைய வாசலில். நீங்கள் தரும் ஒற்றைத் தாள், அதாவது சி.எஸ்.ஆர். எனும் புகார் ரசீது, சரியாக இருந்தால் மற்ற வேலைகள் தானாக நகரும். அதில் ஒரு வரி பிசகினாலும் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே அலைச்சல்தான். ஆகவே அந்தத் தாளைப் பற்றி மட்டும் சில வேண்டுகோள்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை, அட்டை போனதைப் 'பாஸ்போர்ட் தொலைந்தது' என்று எழுதிவிடுவது. ரைட்டருக்குப் பழகிய சொல் அதுதான் என்பதால் கை தானாக அங்கே போகிறது. ஆனால் தொலைந்ததாகப் பதிவாகும் பாஸ்போர்ட் ரத்தாகும். அந்த எண் இன்டர்போலின் தொலைந்த ஆவணப் பட்டியல் வரை போகக்கூடும். கையில் நல்ல பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அதைப் பயன்படுத்த முடியாத நிலை வந்துவிடும். 'விசா' என்றும் 'ஐ.டி. கார்டு' என்றும் எழுதினால் இந்த அபாயம் இல்லை, ஆனால் படிக்கும் அதிகாரிக்கு எதுவும் விளங்காது. 'அமெரிக்க அரசு வழங்கிய நிரந்தர வசிப்பு அட்டை' என்று நாட்டின் பெயரோடு முழுதாக எழுதுங்கள். பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தால் அது புகார்தாரரிடமே உள்ளது என்று ஒரு வரியும் அதன் எண்ணும் சேர்ந்தால் குழப்பமே இருக்காது.

அடுத்த பிழை இனிஷியல். ஆதாரைப் பார்த்து 'எஸ். முருகேசன்' என்று எழுதித் தருகிறார்கள். அட்டையிலோ முருகேசன் முதற்பெயர், தந்தை பெயரான சுப்பிரமணியம் குடும்பப் பெயர். சேலத்தில் யாருக்கும் இது விளங்கும். தூதரக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட்டின் முதல் தகவல் பக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே, ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் பார்த்து எழுத வேண்டும். ரசீது முழுவதும் தமிழில் இருந்தாலும் பெயர், பிறந்த தேதி, எண்கள், நாடு ஆகியவையாவது ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

அட்டை எண் நினைவில் இல்லை என்று வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எண்ணைத் தேட வேறு இடங்கள் உண்டு. அமெரிக்க அட்டையில் அது ஒன்பது இலக்கம். இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் வழியாகக் குடியேறியவருக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய குடியேற்ற விசாவிலும் அது இருக்கும். எச்1பி வேலை விசாவில் போய் அங்கேயே க்ரீன் கார்டு வாங்கியவருக்கு அந்த விசா இருக்காது. அவர் ஒப்புதல் கடிதத்தின் நகலைத்தான் தேட வேண்டும். அமீரக அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐ.டி. 784 என்று தொடங்கும் 15 இலக்கம். சவூதி வசிப்பு அட்டையான இக்காமா 2-இல் தொடங்கும் 10 இலக்கம். எண் கிடைக்காவிட்டால் ரசீதில் அந்த இடத்தைக் காலியாக விடலாம். ஊகித்து ஒரு எண்ணை எழுதுவதுதான் கூடாது.

தொலைந்ததா, திருடப்பட்டதா என்பதில் சில நிலையங்கள் காட்டும் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது, எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை கூடுவதை எந்த நிலையமும் விரும்பாது. ஆனால் திருட்டைத் 'தவறிப்போனது' என்று மாற்றி எழுதச் சொன்னால், தூதரக விண்ணப்பத்தில் திருட்டு என்றும் காவல் ரசீதில் தொலைந்தது என்றும் இரண்டு கதைகள் வரும். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பைக்கில் வந்து பையைப் பறித்தால் அது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 304. கூட்டத்தில் பையை அறுத்து எடுத்தால் 303. அட்டைக்கு என்ன விலை, 5,000 ரூபாய்க்குக் கீழ்தானே, அப்படியானால் இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமே இல்லை என்று ஒரு வாதம் கிளம்புவதுண்டு. அட்டை தனியாகப் போவது அபூர்வம். பை, செல்போன், பணம், நகை எல்லாவற்றின் மதிப்பையும் சேர்த்து எழுதினால் அந்த வாதம் பெரும்பாலும் அடிபட்டுவிடும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 173 சொல்கிறது.

எந்த நிலையத்தின் எல்லை என்ற பிரச்சினையும் அதே பிரிவில்தான் தீர்கிறது. சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் கடந்து, ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கியபின் பை இல்லை என்று தெரிகிறது. கீழே மாநகரக் காவல், மேலே மாவட்டக் காவல். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால், வந்தவர் மலை ஏறி இறங்கியே அன்றைய பொழுது போய்விடும். ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே ரயிலில் போனாலும் இதே கதை. எந்த நிலையமும் எல்லை பாராமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பலாம் என்று 2024 ஜூலை 1 முதல் சட்டமே சொல்கிறது. வெறும் இழப்புக்குத் தரும் சி.எஸ்.ஆரிலும் இதே தாராளம் வேண்டும்.

இன்னொன்று: இவர்களை வெளிநாட்டவர் பதிவுப் பிரிவுக்கு அனுப்பாதீர்கள். க்ரீன் கார்டு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகன்தான். அந்த அட்டையை இந்திய அரசு கொடுக்கவும் இல்லை, மாற்றித் தரவும் முடியாது.

ரசீது அன்றே வேண்டும் என்று ஏன் கேட்கிறோம்? அமெரிக்காவுக்கு வெளியே இருந்துகொண்டு புது அட்டை வாங்க முடியாது. பயண அனுமதி கேட்கும் ஐ-131ஏ விண்ணப்பத்துக்கு 575 டாலரை இணையத்தில் கட்டி, அந்த ரசீதோடும் உங்கள் ரசீதோடும் தூதரகத்தில் நேரில் நிற்க வேண்டும். கிடைப்பது ஒரே முறை நுழையும் பயண அனுமதி, அதிகபட்சம் 30 நாள். அங்கே போனபின்தான் ஐ-90 விண்ணப்பம் போட்டுப் புது அட்டை கேட்க முடியும். நாட்டை விட்டு வந்து ஓராண்டு தாண்டிவிட்டால், மறுநுழைவு அனுமதி கையில் இல்லாதவருக்கு இந்த வழி பொதுவாக அடைபடும். லீவை நீட்டி நீட்டி வந்தவருக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம். கனடாக்காரருக்கு 50 கனடிய டாலரில் பயண ஆவணம் உண்டு; ஐந்து ஆண்டில் 730 நாள் அங்கே இருந்ததற்குக் கணக்கும் காட்ட வேண்டும். அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால் பொதுவாக வசிப்பு அனுமதியே போய்விடும் என்பதால், வளைகுடாவில் வேலை செய்பவர் உங்களிடம் வந்த அதே நாளில் கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடமும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் நிலை வேறு. அங்கே பழைய பி.ஆர்.பி. எனும் வசிப்பு அட்டைகள் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்து, இணையக் கணக்கில் இருக்கும் இ-விசா வந்துவிட்டது. அவர்களுக்கு அட்டை தொலைந்தால் பெரிய நஷ்டமில்லை. பாஸ்போர்ட் தொலைந்தால்தான் சிக்கல்: புது எண்ணை இ-விசா கணக்கில் ஏற்றாமல் விமான நிலையம் போனால் சோதனையில் சிக்கிக்கொள்வார்கள்.

ஆகவே 'தேடிப் பார்க்கிறோம், கிடைக்கவில்லை என்றால் சான்று தருகிறோம்' என்று காத்திருக்கச் சொல்ல வேண்டாம். கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பின்னால் வரட்டும். முதல் நாளில் தேவை சி.எஸ்.ஆர். எண், தேதி, நிலைய முத்திரை, கையெழுத்திட்ட எஸ்.ஐ.யின் பெயரும் பதவியும், எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண். முத்திரை எழுத்தின் மேல் விழுந்து எண்ணை மறைக்காமல் இருந்தால் நல்லது. ஸ்கேன் செய்யும்போது அந்த இடம்தான் கறுப்பாகத் தெரியும்.

தமிழ்நாடு காவல் துறையின் தொலைந்த ஆவண அறிக்கை இணையச் சேவையில் வெளிநாட்டு வசிப்பு அட்டைக்குத் தனி வகை இடம்பெற உயரதிகாரிகளுக்குப் பரிந்துரைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, கிடைத்த அட்டைகள். பணத்தை எடுத்துக்கொண்டு பையை வீசிவிட்டுப் போவது திருடர் வழக்கம். பஸ் கண்டக்டரோ பூங்கா ஊழியரோ அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால், மற்ற பொருள்களோடு கட்டிப் போடாமல் சி.எஸ்.ஆர். பதிவேட்டைப் பார்த்து அன்றைக்கே உரியவருக்குப் போன் செய்யுங்கள். தூதரகக் கட்டணம் கட்டும் முன் அழைப்பு போனால் 575 டாலர் மிச்சம். கட்டியபின் அது திரும்பாது. மாற்று ஆவணம் வாங்கிவிட்டார் என்றால், பழைய அட்டையைக் காட்டிப் பயணம் செய்யக் கூடாது, அந்த நாட்டு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கொடுக்கும்போதே சொல்லி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியேற்ற ஆவணப் பணியில் உள்ளோர்,
சேலம்.