அரைக் கொத்து அரிசிக்கு நன்றி

நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. என் சிறுகதையில் வரும் தேயிலைத் தோட்டக் கங்காணி என் தாய்மாமன்தான் என்பது இந்த மலை முழுவதும் தெரிந்துவிட்டது. பெயரை மாற்றினேன், மீசையை எடுத்தேன். இருமலை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அதுவே காட்டிக்கொடுத்தது.

சொந்தங்கள் தொலைபேசியை எடுக்காத நாட்களில் தினமும் அழைத்த நண்பர்களுக்கும், ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு வீட்டிலும் தேநீர் குடித்துச் சமாதானம் பேசிய என் பழைய ஆசிரியருக்கும், கல்யாணத்துக்கு எங்களை அழைக்காத வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் பலகாரம் கொண்டுவந்த சித்திக்கும் நன்றி.

மிச்சமெல்லாம் மாமிக்கு.

போன ஞாயிறு, கொட்டும் மழையில், தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு மேட்டு லயத்து வரிசை வீட்டிலிருந்து இறங்கி வந்தார். கையில் தூக்குவாளி, அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து, "கண்ணாடி போட்டாலும் எழுத்து ஓடுகிறது. நீயே வாசி" என்றார்.

வாசித்தேன். 1974, அரிசி கிடைக்காத வருடம். அண்ணனை வயிற்றில் சுமந்துகொண்டு மலைக்குப் போன அம்மாவுக்குக் கொழுந்து குறைந்த அன்று, கூடப்பிறந்தவரே அரைநாள் கூலி மட்டும் கிடைக்கும்படி அரைப்பேர் போட்ட இடம் வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. மாமி அசையவில்லை. அன்றிரவு அடுத்த காம்பரா வீட்டுப் பாட்டி அரைக் கொத்து அரிசியை வாசலில் வைத்துவிட்டுப் போகும் இடத்தில்தான் கையை உயர்த்தினார்.

"அந்த அரிசி நான் கொடுத்தது."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. அந்தப் பாட்டியை நினைத்து இன்றுவரை உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பவர் அவர். பாட்டி ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டார். சொல்லக் கூடாதென்று தானே சத்தியம் வாங்கியதாக மாமி சொன்னார். மாமாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். "மழை விட்டுவிட்டது" என்று எழுந்துகொண்டார்.

அம்மா சொன்னதைத்தான் எழுதினேன். அது பொய்யில்லை, ஆனால் ஒரு காம்பராவுக்குள்ளிருந்து பார்த்தது. இனி, யாரை வைத்து எழுதினாலும் அச்சுக்குப் போகுமுன் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மாற்றச் சொன்னால் மாற்றுவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். அரைப்பேர் கதையில் இருக்கும். மாமியும் அதை எடுக்கச் சொல்லவில்லை. அரிசியை மட்டும் சரியான கையில் கொடுக்கச் சொன்னார். தொகுப்பாக வரும்போது கொடுத்துவிடுகிறேன், மாமி.

மாமா இன்னும் பேசவில்லை. தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் வாளியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார்.