தம்பிக்கு, நீ அனுப்பிய அந்த வீடியோவைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். "எழுதுங்க அண்ணி, இவரை மாதிரி இன்னும் நிறைய பேர் இருக்காங்க" என்றாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள், போடவில்லை.

நீ அவளுக்கு அனுப்பிய வீடியோவை எனக்கும் காட்டினாள். மல்லாந்து படுத்து தலையையும் காலையும் சேர்த்துத் தூக்கும் பயிற்சி. ஒரே மாதத்தில் வயிறு தட்டையாகிவிடுமாம். நீ கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை, தெரியும். மறுபடி ஓட வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள், உதவி செய்வதாக நினைத்திருப்பாய். ஆனால் கடலூரில் பிசியோதெரபி பார்க்கிற அக்கா ஒருத்தி இருக்கும்போது, ஒரு போன் போட்டிருக்கலாம் இல்லையா?

குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. அவளுக்கு நடந்தது சிசேரியன். சிசேரியன் என்றால் தோலை வெட்டித் தைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். தோல், கொழுப்பு, அதற்கடியில் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான சவ்வு, வயிற்றறையின் உள்ளுறை, கடைசியில் கருப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்துதான் பிள்ளையை எடுக்கிறார்கள். தசையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, நடுவில் விலக்கிவிட்டு உள்ளே போவார்கள். வெளித்தழும்பு காய்ந்ததும் "ஆறிடுச்சு" என்கிறோம். அந்தச் சவ்வுக்குப் பழைய பலம் வர மாதக்கணக்கில் ஆகும். ஆறாவது வாரம் டாக்டர் "எல்லாம் நல்லா இருக்கு" என்றது காயத்தைப் பார்த்து. ஓடலாமா, எடை தூக்கலாமா என்று அவரிடம் நீங்கள் யாரும் கேட்கவே இல்லை.

அப்புறம் வயிற்றுத் தசை. தொப்புளுக்கு இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைகள் இருக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நடுக்கோடு இழுபட்டு அவை விலகும். அது எல்லோருக்கும் நடப்பது. பிறகு பலருக்குத் தானாகவே கூடிவரும், சிலருக்கு இடைவெளி தங்கிவிடும். போன முறை வந்தபோது அவளுக்குப் பார்த்தேன். முட்டியை மடக்கிப் படுக்க வைத்து, தலையை லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே குறுக்காக விரல் வைத்துப் பார்ப்பது. இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தது, நடுவில் மேடாக எழும்பியது. அப்படி எழும்புகிறவளுக்கு இப்போதைக்கு அந்த வீடியோப் பயிற்சி கூடாது.

யாரும் பேசாத இடம் இன்னொன்று இருக்கிறது. முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை இடுப்பின் அடியில் தசைகள் இருக்கின்றன. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அவைதான். "ஆபரேஷன்தானே, கீழே ஒன்றும் ஆகியிருக்காது" என்று உன் மாமியார் சொன்னார். பிள்ளை எந்த வழியில் வந்தாலும் அத்தனை மாதம் பாரம் தாங்கியது அந்தத் தசைகள்தானே. தும்மும்போது அவளுக்குச் சிறுநீர் சொட்டுகிறது. உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டாள், நான் சொல்கிறேன் என்றேன், சரி என்றாள். பிள்ளை பெற்றவர்கள் பலருக்கும் இது உண்டு. அதற்காகச் சகித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, பயிற்சியில் பெரும்பாலும் குறையும். இதற்கான பயிற்சியை ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்துவிட்டார். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குவது போல உள்ளே இழுத்து, சில நொடி பிடித்து, பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூத்திரம் போகும்போது நிறுத்திப் பழகவும் கூடாது. பால் கொடுக்கும்போதே செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஒருவேளை அதனால்தான் இதை யாரும் வீடியோ எடுத்துப் போட்டு லைக் வாங்குவதில்லை.

நம் அம்மாவும் உன் மாமியாரும் சொல்வதையெல்லாம் தள்ளச் சொல்ல மாட்டேன். முதுநகரில் தாய்வீட்டில் இருந்தவரை அவளுக்குச் சுறாப்புட்டு தட்டில் குறையவில்லை, நல்ல புரதம். வயிற்றில் சேலை கட்டுவதும் பிடிமானமாக இருக்கும். ஆனால் அதனால் வயிறு குறையாது, இறுக்கிக் கட்டினால் பாரம் கீழேதான் இறங்கும். நடந்தால் பால் வற்றிவிடும் என்பதை மட்டும் நம்பாதே. மிதமான உடற்பயிற்சியால் பால் குறைவதில்லை. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பும் கனக்காது.

இனி உன் விஷயம். குழந்தை பிறந்த பிறகும் புதுச்சேரி பீச் ரோட்டில் ஓடுவதை நீ ஒரு நாள் விடவில்லை என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தாய். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நீ காந்தி சிலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை யார் மடியில் இருந்தது? அவளுக்கு ஆசை இருக்கிறது, ஷூவும் இருக்கிறது. காலையில் நாற்பது நிமிடம் கிடைக்கவில்லை. அது உன் கையில்தான் இருக்கிறது. காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், தரையும் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக இருக்கும். அவளுக்கு அதைவிட நல்ல இடம் புதுச்சேரியில் கிடையாது. இனி ஒருநாள் விட்டு ஒருநாள் நீ மாலையில் ஓடு. ஆறு மணிக்கு மேல் அப்போதும் வண்டி வராது.

முதலில் பத்து நிமிடம் நடக்கட்டும். பிறகு பதினைந்து, இருபது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு, அதற்குப் படிப்படியாக வந்து சேரட்டும், அவசரம் இல்லை. ஓட்டத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் குறைந்தது 12 வாரம் காத்திருக்கச் சொல்கிறது. அது குறைந்தபட்சம். பன்னிரண்டு வாரம் ஆனபிறகும் சிறுநீர் சொட்டினால், கீழே ஏதோ இறங்குவது போலக் கனத்தால், தழும்பில் வலித்தால், ஓடக் கூடாது. நின்றுபோன உதிரப்போக்கு நடந்தபின் திரும்ப வந்தால் நடையைக் குறைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, காத்திருக்காதே.

இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றால் மறுநாள் நடை வேண்டாம், அந்த நாற்பது நிமிடம் தூங்கட்டும். அந்த நேரமும் உன் கணக்குதான்.

திங்கள் முதல் ஆரம்பியுங்கள். அவள் நடக்கும்போது குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போ, அவளுக்குப் போன் அடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், வயிற்றுத் தசையின் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன். அதற்குள் நேரு வீதியில் அவளுக்குப் புது ஷூ ஒன்று வாங்கி வை. பழைய அளவைச் சொல்லி வாங்காதே, பிள்ளை பெற்றபின் பலருக்குப் பாதம் கொஞ்சம் பெரிதாகிவிடும். அவளையே கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அக்கா