பந்தயக் காரோட்டும் பிள்ளைகளுக்கு முதலில் உள்ளாடை வாங்கித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காருக்காக நம் மாணவர்கள் பாதுகாப்பு உடை வாங்க நன்கொடை திரட்டுவதாகச் சென்ற வாரம் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் கூடவே வந்த படம் என்னை உறுத்தியது. பளபளவென்று ஓர் உடை. நெஞ்சில் மசாலாக் கடையின் பெயர், முதுகில் தளவாடக் கடையின் பெயர், தோளில் ஒரு கல்யாண மண்டபம். தேவைப் பட்டியலிலோ உடை, ஹெல்மெட் என்று இரண்டே பொருள்கள். கையுறை, காலுறை, உள்ளாடை எதையும் காணோம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டர்பன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். துணியைத் தெரியும். இன்ன ரகம் என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிச் சுருண்டு, விரலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீபாவளி அன்று நைலான் சட்டையோடு மத்தாப்புப் பக்கம் போகாதே என்று ஆயாமார் விரட்டியது இதற்காகத்தான். பந்தய உடை தைக்கும் நோமெக்ஸ் என்ற தீத்தாங்கும் துணி வேறு இனம். அது உருகாது. சூடு பட்டால் தடித்துக் கருகி, உடம்புக்கும் தீக்கும் நடுவே நிற்கும்.

படத்தில் உள்ளது, கார்ட் என்கிற சின்னத் திறந்த வண்டிப் பந்தயத்துக்கான உடை போலத் தெரிகிறது. விலை மலிவு, நிறமும் எடுப்பு. ஆனால் கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது. விபத்தில் ஓட்டுபவன் தூக்கியெறியப்பட்டுச் சாலையில் உராய்ந்துகொண்டே போவான். அந்த உராய்வைத் தாங்கவே அந்த உடையை நெய்கிறார்கள், தீயைத் தாங்க அல்ல. பெட்ரோல் தொட்டிக்கு முன்னால் பெல்ட்டால் கட்டுண்டு உட்காருபவனுக்கு அதனால் என்ன பயன்?

உடை வாங்கப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை விநாடி தாங்கும் என்பது. பந்தயப் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் முத்திரையில் 3.2ஏ/1 என்று இருந்தால், தோலில் கொப்புளம் போடும் இரண்டாம் நிலைத் தீக்காயம் படுவதற்கு முன் ஏறத்தாழ 3 விநாடி கிடைக்கும். 3.2ஏ/5 என்றால் ஏறத்தாழ 10 விநாடி. மாணவர்கள் கலந்துகொள்ளும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டி விதியோ, முழுப் பாதுகாப்பு உடையோடு 5 விநாடிக்குள் காரைவிட்டு வெளியேறிக் காட்டச் சொல்கிறது. வெளியே வர 5 விநாடி ஆகிற இடத்தில் 3 விநாடி உடை போதுமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே விடை தெரியும். அதனால்தான் அந்த விதி குறைந்தது இரண்டு அடுக்கு கொண்ட உடையையும், 3.2ஏ/5 அல்லது உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8856 முத்திரையையும் கேட்கிறது.

இனி உள்ளாடை. உருகக்கூடிய செயற்கைத் துணி எதுவும் தோலை ஒட்டி இருக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான ராண்ட் கொடுத்து நோமெக்ஸ் வாங்கிவிட்டு, அதற்குள் கால்பந்துச் சங்கத்தின் பாலியெஸ்டர் பனியனைப் போட்டுக்கொண்டு உட்காருகிற பிள்ளைகளை என்ன சொல்ல? தீப்பிடிக்காத உள்ளாடை வாங்கக் காசில்லையென்றால் சுத்தமான பருத்தியாவது இருக்கட்டும். தலையையும் கழுத்தையும் மூடும் பாலகிளாவா எல்லோருக்கும் கட்டாயம். முடி முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். அணியில் நீண்ட பின்னலோடு ஒரு பெண் இருப்பதைப் படத்தில் பார்த்தேன், அவளுக்கு அளவு பார்த்து வாங்குங்கள். உடையும் அப்படித்தான். ஆண்களுக்கு வெட்டிய உடை அவளுக்கு இடுப்பில் இறுகும். இறுகிய இடத்தில் அடுக்குகளுக்கிடையே காற்று இல்லாமல் சூடு நேராக உள்ளே இறங்கும்.

என் பேரனின் சிநேகிதன் ஒருவன் இப்படிப்பட்ட உடையையும் ஒரு பை நிறைய பேட்ஜ்களையும் கொண்டுவந்து, "ஆயா, இவற்றைத் தைத்துத் தாருங்கள்" என்றான். மறுத்துவிட்டேன். எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் நடுவிலுள்ள காற்று போய்விடும். என்னிடம் இருந்த நூலும் பாலியெஸ்டர். எஃப்.ஐ.ஏ. விதிப்படி தையல் வெளி அடுக்கில் மட்டும்தான் விழலாம், நூலும் பேட்ஜின் அடித்துணியும் தீப்பற்றாதவையாக இருக்க வேண்டும். கொடையாளிகளான கடைக்காரர்களிடம் கேட்கிறேன்: உங்கள் பெயர் காரின் பக்கவாட்டில் பெரிதாக இருந்தால் போதாதா? காலுறைக்கும் பாலகிளாவாவுக்கும் காசு தர ஆளில்லாமல் போவதற்குக் காரணம், அவற்றில் எவருடைய பெயரும் தெரியாது என்பதுதானே?

கையுறையில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜான் ஏறத்தாழ 28 விநாடி தீக்குள் இருந்துவிட்டு உயிரோடு வெளியே வந்தார். அவருக்குப் பட்ட பெரிய காயம் கைகளில்தான். வெறும் தோல் கையுறையைப் போட்டி விதி ஏற்பதில்லை. என் கணவர் இருந்தவரை நம் நாட்டுக் கைலாமி களத்தில் 1973இல் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பற்றிப் பேசாமல் எந்த விருந்தும் முடிந்ததில்லை. எரிகிற காரில் சிக்கிய ஓட்டுநர் கிளே ரெகசோனியை இழுக்கப் போன சக ஓட்டுநர் மைக் ஹெய்ல்வுட்டின் உடையிலேயே தீப்பிடித்தது. அதை அணைத்ததும் மனிதர் மறுபடியும் தீக்குள் போய் அவரை மீட்டார். அதற்காக வீரத்துக்கான பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு ஹெய்ல்வுட் வருவார் என்று நம்பி இருக்க முடியாது.

ஹெல்மெட்டின் உள்ளே, ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் ஸ்டிக்கரைத் தேடுங்கள். 'எம்' மோட்டார் சைக்கிளுக்கு, 'கே' கார்ட்டுக்கு, 'எஸ்.ஏ.' கார் பந்தயத்துக்கு. மாணவர் போட்டி மற்ற இரண்டையும் ஏற்றதுண்டு, ஆனால் தீச்சோதனை 'எஸ்.ஏ.'வுக்குத்தான் உண்டு. முகம் மூடிய வகையே வேண்டும். எங்கே விழுந்தது என்று தெரியாத பழைய ஹெல்மெட்டை யாராவது தானமாகத் தந்தால் நன்றி சொல்லி அலமாரியில் வையுங்கள். சீட் பெல்ட்டின் தேதியையும் பாருங்கள், அதற்குக் காலாவதி உண்டு. கார் கவிழும்போது கை வெளியே போகாமல் தடுக்கும் கைப்பட்டை மலிவானது, கட்டாயமானதும்கூட.

கடைசியாகத் துவைக்கும் தாய்மாருக்கு. பிளீச் வேண்டாம். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது துணியில் தங்கித் தீப்பற்றும். வெயிலில் கொடியில் போட்டால் நோமெக்ஸ் நாளடைவில் நைந்துபோகும். நிழலில் உலர்த்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் தொழிலாளி ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.