அரை கிராம் மைக்கும் ஒரு பட்டியல் வேண்டும்

அழகுசாதனப் பொருள்களுக்கு விதி வகுக்கும் மத்திய சுகாதார அமைச்சகத்தாருக்கும், அவற்றைத் தயாரிக்க உரிமம் கொடுக்கும் மாநில அதிகாரிகளுக்கும், திருநெல்வேலியிலிருந்து வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கண்ணுக்குப் போடும் மை எவ்வளவு சின்னக் குச்சியில் வந்தாலும் சரி, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற முழுப் பட்டியலும் கூடவே வர வேண்டும். தமிழிலும் வர வேண்டும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளில், 30 கிராமுக்குக் குறைவான பொருளுக்குச் சேர்மானப் பட்டியல் போட வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு இருப்பது உங்களுக்குத் தெரியும். கண்மைக்கு மட்டுமாவது அந்த விலக்கை எடுத்துவிடுங்கள்.

கடையில் கிடைக்கும் ஒரு கண்மைக் குச்சியில் இருப்பது 0.35 கிராம் அளவுக்கு மை. முப்பது கிராம் சேர வேண்டுமென்றால் எண்பதுக்கு மேல் குச்சிகள் வேண்டும். அப்படியானால் கண்மை என்றைக்குமே இந்த விதிக்குள் வராது. முகத்தில் பூசும் பெரிய டப்பா கிரீமுக்குப் பட்டியல் உண்டு, கண்ணுக்குள் போகும் மைக்குக் கிடையாது.

நான் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். மை போடாமல் போனால் உடம்பு சரியில்லையா என்று சூப்பர்வைசரில் தொடங்கி வாடிக்கையாளர் வரை கேட்பார்கள், அதனால் தினமும் போட்டாக வேண்டும். பழைய பென்சில் இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காமல் மத்தியானத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும். அப்போதுதான் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் மூலிகைக் கண்மை ஒன்றை வாங்கினேன். அட்டையில் கரிசலாங்கண்ணிப் பூ படம். விளக்கெண்ணெயும் இன்னும் சில மூலிகைகளும் சேர்ந்தது என்று ஒரு வரி. வேறு விவரம் இல்லை.

நியாயமாகச் சொன்னால், மை நன்றாகவே இருந்தது. ஒரே இழுப்பில் கோடு விழுந்தது. அடர் கறுப்பு இல்லை, வேலைக்குப் போட்டுப் போகும் அளவான கறுப்பு. எரியவில்லை. ராத்திரி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். என்னைப் பார்த்துக் கூட நிற்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வாங்கினார்கள்.

சில வாரங்கள் கழித்து இமையோரம் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் தோல் உரிந்தது. ஒரு நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் வீங்கிவிட்டது. "ஏட்டி, கண்ணு என்ன கோவைப்பழமா கெடக்கு?" என்று பக்கத்து கவுண்டர் அக்கா பதறினாள். சிவந்த கண்ணோடு வாடிக்கையாளர் முன்னால் நிற்கக் கூடாது என்று என்னைக் குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். விற்ற சேலைக்குக் கிடைக்கும் கமிஷன் அந்த நாட்களில் போயிற்று.

கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஒவ்வாமை, மையை நிறுத்தும்மா என்றார். "அதுல என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டார். அட்டைப்பெட்டியை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். விலை, தேதி, உரிம எண், பூப் படம், அந்த மூலிகை வரி. அவ்வளவுதான். வாசனைக்குச் சேர்த்ததா, கெடாமல் இருக்கச் சேர்த்ததா, மெழுகா, கற்பூரமா, கறுப்பு நிறமியா, அந்த மூலிகையேதானா என்று தெரிந்தால்தான் இனிமேல் எதைத் தொடக் கூடாது என்று சொல்ல முடியுமாம். "பேரே தெரியாம எதை டெஸ்ட் பண்ணச் சொல்லுவேன்?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. வேறு கம்பெனி மை வாங்கினால் அதிலும் அதே பொருள் இருக்காது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

அவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து 5 மில்லி. மைக்குச்சி வந்த பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிய பெட்டி. அதில் மருந்தின் பெயர், அளவு, கெடாமல் இருக்கச் சேர்த்த பென்சல்கோனியம் குளோரைடு எத்தனை சதவீதம் என்பதுவரை அச்சிட்டிருக்கிறது. இடம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லையே. அந்தச் சொட்டும் இதே கண்ணுக்குள்தான் விழுகிறது.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "எல்லாம் மூலிகைதான் மேடம், சைடு எஃபெக்ட் வராது" என்றார் ஒரு தம்பி. வந்துவிட்டதே என்றேன். பட்டியல் கம்பெனி ரகசியம், வெளியே சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதபோது யார் சொல்வார்கள்?

கட்டாயம் இருந்தாலும் என்ன நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். அன்று நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! எங்கள் பிரிவில் இன்னும் ஒரு ஸ்டூல்கூட வரவில்லை. நாள் முழுக்க நிற்க வேண்டும், சொந்தக் காசில் அலங்காரம் செய்துகொண்டு நிற்க வேண்டும், அந்த அலங்காரத்தால் கண் வீங்கினால் குடோனுக்குப் போக வேண்டும். இது உங்கள் துறை வேலை இல்லை என்று தெரியும், மன்னிக்கவும். மனசில் இருந்தது வந்துவிட்டது.

கண்மைக்கே வருகிறேன். எனக்கு வந்தது அரிப்போடும் வீக்கத்தோடும் போயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் கைக்குழந்தைக்கும் இதே மையை எடுத்து இமையில் தீட்டி, திருஷ்டிக்குக் கன்னத்தில் பொட்டு வைக்கிறோம். குழந்தை கண்ணைக் கசக்கிய விரலைத்தான் வாயில் வைக்கும். சுர்மா, காஜல் வகைகள் சிலவற்றில் ஈயக் கல்லைப் பொடித்துச் சேர்ப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. நம் விதியிலும் நிறத்துக்காக ஈயச் சேர்மம் சேர்க்கத் தடை இருக்கிறது, அனுமதித்த நிறமியிலும் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவென்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடை காகிதத்தில் இருக்கிறது. எந்தக் கறுப்பு சேர்ந்தது என்பதையே எழுதாத குச்சியை வைத்துக்கொண்டு ஒரு தாய் எதைச் சரிபார்ப்பாள்?

எங்கள் ஆச்சி வீட்டிலேயே மை கூட்டுவாள். வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணி பறித்து, சாறெடுத்து, வெள்ளைத் துணியை அதில் நனைத்து நிழலில் உலர்த்துவாள். அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் ஏற்றி, மேலே மண்சட்டியைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பாள். அது ஆபத்தில்லாதது என்று நான் சொல்லவில்லை. புகைக்கரி புகைக்கரிதான், பிறந்த குழந்தைக்கு எந்த மையும் வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆச்சியிடம் கேட்டால் அதில் இருப்பது அத்தனையும் சொல்லிவிடுவாள்.

1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் பாளையங்கோட்டை எங்கள் பக்கத்து ஊர். மூலிகை மேல் எங்களுக்கு அவநம்பிக்கை கிடையாது. கரிசாலை (கரிசலாங்கண்ணிதான்) லேகியம் வாங்கினால் அதில் சேர்ந்த சரக்குகளைப் பெயரும் அளவுமாக எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதே கரிசாலையை மை என்று விற்றால் மட்டும் எழுத வேண்டாம் என்பது எப்படிச் சரியாகும்?

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். கண்ணில் போடும் பொருளுக்கு 30 கிராம் விலக்கை நீக்குங்கள். குச்சியில் இடமில்லை என்றால் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொல்லுங்கள். நிறமியின் பெயரும் வாசனைப் பொருளும் அதில் கட்டாயம் இருக்கட்டும். விதி மாறும்வரை, ஆனித் தேரோட்டச் சமயத்தில் ரத வீதிக் கடைகளில் லேபிளே இல்லாமல் விற்கும் மை டப்பிகளையாவது மாநில அதிகாரிகள் எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

என் மைக்குச்சியையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவு ஊழியை ஒருத்தி,
திருநெல்வேலி டவுண்