பக்கத்துச் சக்கரத்தையே பார்க்கச் சொல்லும் இயக்குநர்களுக்கு

அன்புள்ள அணி இயக்குநர்களே,

மூன்று வார சைக்கிள் பந்தயங்களை விடாமல் பார்க்கிற ரசிகர்களில் நானும் ஒருவன். ஒரு பந்தயம் கைநழுவிப் போனால், ஓட்டிய வீரரைத்தான் எல்லோரும் பிடித்து உலுக்குகிறார்கள். பின்னால் வண்டியில், வீரர்களின் காதில் பேசும் ரேடியோவோடு உட்கார்ந்திருக்கும் உங்களை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. எனக்குக் கேட்க வேண்டியிருக்கிறது, குறிப்பாக இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில், 2025இன் 20ஆம் கட்டத்தைப் பற்றி (ஒரு கட்டம் என்றால் ஒரு நாள் ஓட்டம்).

அன்று காலை ஐசக் டெல் டோரோவிடம் பிங்க் ஜெர்சி, அதாவது மொத்த நேரத்தில் முதலிடம். ரிச்சர்ட் கராபாஸ் 43 விநாடி பின்னால், சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்னால். நடுவே கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே: பதினெட்டரை கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 9 சதவீதத்துக்கு மேல், மேல்பாதி வெறும் மண் சாலை. அடிவாரத்திலேயே கராபாஸின் அணி முறுக்கிய முறுக்கில் கூட்டம் சிதறியது. கராபாஸ் பாய்ந்தார், டெல் டோரோ ஒட்டிக்கொண்டார், யேட்ஸ் தன் வேகத்தில் ஏறி வந்து சேர்ந்தார். அப்புறம் யேட்ஸ் திரும்பத் திரும்பத் தாக்கினார். கடைசியாக அவர் தனியாகப் போனபோது கராபாஸும் டெல் டோரோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீ இழு (முன்னால் போய்க் காற்றை முறி) என்று இவர், நீ இழு என்று அவர். ஜெர்சியைக் காப்பாற்ற வேண்டியது நீதானே என்பது கராபாஸின் கணக்கு. நான் இழுத்தால் இவன் என் முதுகில் ஓய்வெடுத்துவிட்டுக் கடைசியில் என்னையே தாண்டுவான் என்பது டெல் டோரோவின் கணக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. உச்சிக்கு வரும்போதே கணக்குப்படி பிங்க் ஜெர்சி யேட்ஸுக்குப் போய்விட்டது.

காலையிலிருந்தே முன்னணிக் குழுவில் இருந்த வாவ்ட் வான் ஆர்ட், மலையைத் தாண்டித் தன் தலைவர் யேட்ஸுக்காகக் காத்திருந்தார். இறக்கத்துக்குப் பிறகு, கட்டம் முடியும் செஸ்ட்ரியேரை நோக்கிய பாதையில் காற்றை அவர் முறித்துக் கொடுக்க, யேட்ஸ் பறந்தார். பின்னால் வந்த இருவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தார்கள். முதலிடத்தில் இருந்தவர் இரண்டாமிடம், இரண்டாமிடத்தில் இருந்தவர் மூன்றாமிடம். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று இரண்டு பேரும் தங்கள் மூக்கை அறுத்துக்கொண்டார்கள்.

டெல் டோரோவுக்கு அப்போது 21 வயது. மூச்சு வாங்கிக்கொண்டு மண் சாலையில் ஏறுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தோன்றாமல் போகலாம். உங்களுக்கு எப்படித் தோன்றாமல் போகும்? வான் ஆர்ட் முன்னால் இருக்கிறார் என்பது காலையிலிருந்தே தெரியும். எதற்காக இருக்கிறார் என்பது இந்தத் தொழிலில் ஒரு வருடம் இருந்தவருக்கும் புரியும். அப்படியானால், யேட்ஸை மலை உச்சிக்கு முன்பே பிடித்தாக வேண்டும், அங்கே விட்டால் சமதளத்தில் கதை முடிந்தது. பார்த்துக்கொண்டே இரு என்று நீங்கள் சொல்லியிருந்தால் அது தப்பு. ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் அதைவிடப் பெரிய தப்பு.

இதே மலையில் 2018இல் நடந்தது உங்களில் பலருக்கு நேரடியாகவே தெரியும். 19ஆம் கட்டத்தில் சுமார் 80 கிலோமீட்டர் இருக்கும்போது கிறிஸ் ஃப்ரூம் ஃபினெஸ்ட்ரேயில் தனியாகப் பிரிந்தார். அவருடைய ஸ்கை அணி தன் ஆட்களை ஏற்றம் நெடுக நிறுத்தி, உணவும் தண்ணீரும் கைக்குக் கைக் கொடுத்தது. அந்தத் திட்டத்துக்குச் சலாம் போடுகிறேன். துரத்தியவர்கள் யார்? டுமுலாங், பினோ, லோப்பஸ், கராபாஸ். பினோவின் அணித்தோழர் ரைஷென்பாக் வந்து சேரட்டும் என்று டுமுலாங் காத்திருந்தார். லோப்பஸும் கராபாஸும் சிறந்த இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சிக்காக ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். ஃப்ரூம் மூன்று நிமிட முன்னிலையில் கட்டத்தை வென்றார், டுமுலாங்கை 46 விநாடியில் பின்தள்ளி ஜிரோவையும் வென்றார். அன்று அந்த மலையில் பிங்க் ஜெர்சியை இழந்தவர் யார் தெரியுமா? இதே சைமன் யேட்ஸ். (அன்றும் துரத்திய கூட்டத்தில், 2025இலும் துரத்திய ஜோடியில் கராபாஸ். அவர் இந்த மலையின் பக்கமே இனி போகாமல் இருப்பது உத்தமம்.)

ரேடியோதான் பந்தயத்தைக் கெடுக்கிறது, பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 2009 டூர் டி பிரான்ஸில் லிமோஷிலிருந்து இசூதுன் வரை ரேடியோ இல்லாமல் ஓட வைத்தார்கள். எதிர்ப்புக் காட்டிக் கூட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது, கடைசியில் வழக்கம்போல மார்க் கேவண்டிஷ் ஸ்பிரிண்டில் ஜெயித்தார். அவ்வளவுதான் நடந்தது. சொல்ல வேண்டிய தகவல் சரியான நேரத்தில் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பெண்கள் டூர் இருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் ஆம்னெவில் அருகே, முடிய ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது, முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு டெமி வோலரிங் கீழே விழுந்தார். அவருடைய அணியின் பிளாங்கா வாஸ் முன்னால் போய்க் கட்டத்தை வென்றார், வோலரிங் 1 நிமிடம் 47 விநாடி கழித்து வந்து சேர்ந்தார். கடைசி நாள் ஆல்ப் துவெஸில் வோலரிங் முதலில் வந்தும், டூர் காஷா நியெவியடோமாவுக்குப் போனது. வித்தியாசம் 4 விநாடி. தலைவர் தரையில் கிடக்கிறார் என்று அந்த ஆறு கிலோமீட்டருக்குள் எல்லோர் காதிலும் விழுந்து, இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தால்?

நீங்கள் நன்றாகச் செய்தால் எப்படி இருக்கும் என்றும் பார்த்திருக்கிறோம். 2022 டூரில் கலிபியே ஏற்றத்தில் யும்போ-விஸ்மா அணியின் ரோக்லிச் ஒரு தடவை, அதே அணியின் விங்கேகார்ட் ஒரு தடவை என்று மாற்றி மாற்றித் தாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் முதலிடத்தில் இருந்த போகாச்சரே எழுந்து பதில் சொன்னார், அதற்குத்தானே தாக்கியதே! அடுத்து கிரானோன் ஏற்றத்தில் அவர் கால்கள் நின்றுவிட்டன. விங்கேகார்டிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். ரோக்லிச் அதே கட்டத்தில் பத்து நிமிடத்துக்கும் மேல் இழந்தார். அவரும் டூரை வெல்ல வந்தவர்தான். உன் இடத்தைக் காப்பாற்று என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அதே அணி அடுத்த வருடம் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்ட்டாவில் தடுமாறியதும் நினைவிருக்கிறது. ஆங்லீரு மலையில், முதலிடத்துக்கான சிவப்பு ஜெர்சி போட்டிருந்த செப் குஸ்ஸை விட்டுவிட்டு, சொந்த அணியின் ரோக்லிச்சும் விங்கேகார்டும் மேலே போய்விட்டார்கள். எதிரணி மிக்கேல் லாண்டாவின் சக்கரத்தைப் பிடித்து ஏறிய குஸ்ஸுக்கு 8 விநாடி முன்னிலைதான் மிஞ்சியது. நல்லவேளை, அதற்குப் பிறகு குஸ்தான் ஜெயிக்க வேண்டும் என்று அணி தெளிவாக முடிவெடுத்தது. அந்த முடிவு ஒரு நாள் முன்பே வந்திருக்கலாம்.

இரண்டாமிடத்துக்கும் தரவரிசைப் புள்ளிகள் உண்டு, விளம்பரதாரருக்கு மேடையில் ஒரு படம் வேண்டும், தெரியும். ஆனால் மேடையில் இரண்டாமிடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போய்த்தான் கராபாஸ் மூன்றாமிடத்துக்கு வந்தார்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அணி வண்டியோடு ஜோடி சேர்ந்து, ஜன்னலை இறக்கி நீங்கள் பேரம் பேசுவது ஊரறிந்த விஷயம். தப்பிப் போன கூட்டத்தைத் துரத்த யார் எத்தனை ஆள் தருவது என்று சமதளக் கட்டத்தில் தினமும் பேசுகிறீர்கள். ஃபினெஸ்ட்ரேயிலும் அதைப் பேசலாம்: உச்சி வரை முறைபோட்டு இழுப்போம், செஸ்ட்ரியேர் அடிவாரத்தில் கையை உதறிக்கொண்டு அடித்துக்கொள்வோம் என்று. ஒன்பது சதவீத ஏற்றத்தில் பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் காற்றால் கிடைக்கும் லாபம் சமதளத்தில் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சின்ன லாபத்தை எதிரிக்குத் தர மனமில்லாமல் ஜிரோவையே தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இப்போது டூர் ஒளிபரப்பில் ரேடியோத் துணுக்குகளைக் கேட்க விடுகிறீர்கள். பெரும்பாலும் 'போ, போ', 'வளைவு வருகிறது, கவனம்' என்ற அளவில்தான் இருக்கிறது. கட்டம் முடிந்த மறுநாளாவது, முடிவெடுத்த அந்த ஐந்து நிமிடப் பேச்சை முழுசாக வெளியிடுங்கள். ஃபினெஸ்ட்ரேயில் இரண்டு வண்டியிலிருந்தும் பேசியதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பந்தயம் முடிந்துவிட்டது, இனி அதில் மறைக்க என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
தொலைக்காட்சி முன்னால் தலையில் கை வைத்துக்கொண்ட ஒரு ரசிகன்